ஒன்ராறியோவில் வீட்டு அடுப்புக்கு விறகு கொத்த எந்த மெசின் வாங்கலாம்?

கேட்டவர் எழுதியது சுருக்கமாக: லின்சே பக்கம் காணியோடு ஒரு வீடு வாங்கியிருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் விறகு அடுப்பு. வருஷத்துக்கு 3 அல்லது 4 புஷ் கோர்ட் விறகு தேவைப்படும். காணியில் சுகர் மேப்பிளும், பட்டுப்போன ஆஷ் மரங்களும், கொஞ்சம் எல்மும் நிற்கின்றன. அவருக்கு முதுகுவலி, தூக்கி வேலை செய்ய முடியாது. பிள்ளைகள் உதவுவார்கள். கடையில் 5 தொன் மின்சார மெசினிலிருந்து 37 தொன் பெற்றோல் மெசின் வரை இருக்கிறது. எதை வாங்குவது?

நானும் அதே பக்கத்தில்தான் இருக்கிறேன். எங்கள் வீட்டுக்கும் முக்கியமான சூடு விறகிலிருந்துதான் வருகிறது. அதனால் நேராகவே சொல்கிறேன். உங்களுக்குத் தேவை 4 அங்குல சிலிண்டர் உள்ள, நிமிர்த்தி வைத்தும் வேலை செய்யக்கூடிய, பெற்றோல் எஞ்சினில் ஓடும் ஹைட்ராலிக் மெசின், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் ஆப்பைத் தள்ளிக் குற்றியைப் பிளக்கும் மெசின். அதற்கு மேல் பெரிதாக எதுவும் வேண்டாம். ஏன் என்று கீழே எழுதுகிறேன், ஏனென்றால் கடையில் உங்களை வேறு பக்கம் இழுப்பார்கள்.

முதலில் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. புஷ் கோர்ட் என்றால் 4 அடி உயரம், 4 அடி ஆழம், 8 அடி நீளம், அதாவது 128 கன அடி அடுக்கிய விறகு. விளம்பரங்களில் வரும் ஃபேஸ் கோர்ட் அதே உயரமும் நீளமும்தான், ஆனால் ஆழம் ஒரு கட்டையின் நீளம் மட்டுமே. கட்டை 16 அங்குலம் என்றால் அது மூன்றில் ஒரு பங்கு. உங்கள் 4 கோர்ட் உண்மையில் புஷ் கோர்ட்தானா என்று பழைய வீட்டுக்காரரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். ஃபேஸ் கோர்ட்டாக இருந்தால் வேலை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், அப்போது நான் சொல்லப்போகும் பதிலும் மாறும்.

இனி தொன் கணக்கு, அதாவது மெசின் தள்ளும் பலம். மெசினின் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும் 22, 27, 30 என்ற எண்ணைப் பார்த்துத்தான் பெரும்பாலானவர்கள் வாங்குகிறார்கள். அந்த எண்ணை நம்ப வேண்டிய தேவையே இல்லை, நாமே கணக்குப் பார்க்கலாம். தள்ளும் பலம் என்பது எண்ணெயின் அழுத்தத்தை சிலிண்டரின் உள் பரப்பால் பெருக்கினால் வருவது, அவ்வளவுதான். வீட்டு மெசின்களில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3000 இறாத்தலுக்குக் கிட்டத்தான் இருக்கும். சிலிண்டரின் உள் விட்டம் 4 அங்குலம் என்றால் பரப்பு 12.6 சதுர அங்குலம். பெருக்கினால் சுமார் 37,700 இறாத்தல். ஒரு தொன்னுக்கு 2000 இறாத்தல் என்று வகுத்தால் 19 தொன்கூட முழுதாக வராது. நாலரை அங்குலத்துக்கு 24 தொன் வரும், 5 அங்குலத்துக்கு 29க்குச் சற்று மேல். மூன்றரை அங்குலம் என்றால் 14 தான்.

ஆகவே 4 அங்குல சிலிண்டரை வைத்துக்கொண்டு 27 தொன் என்று எழுதியிருந்தால், அழுத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். அந்தப் பலம் வரவேண்டுமானால் அழுத்தம் 4300 இறாத்தலையும் தொட வேண்டும். சாதாரண வீட்டு மெசினின் பம்ப் அப்படித் தள்ளாது. விற்பனையாளருக்குப் பதில் தெரியாவிட்டால் கையேட்டை வாங்கிப் பாருங்கள், சிலிண்டர் விட்டம் அதில் பெரும்பாலும் இருக்கும். எங்கள் வட்டாரத்தில் புதிதாக வீடு வாங்கி வரும் நம் ஆட்கள் ஸ்டிக்கரை மட்டும் பார்த்து ஆயிரக்கணக்கில் கொடுப்பதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே மனம் பொறுப்பதில்லை. இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டாலே போதும்.

சரி, 19 தொன் போதுமா? 16 அங்குல நீளத்துக்கு அறுத்த மேப்பிள் குற்றிக்குத் தாராளமாகப் போதும். ஆஷ் இன்னும் சுலபம், நார் நேராக ஓடும், ஆப்பு தொட்டவுடனே பிரியும். எல்ம் மட்டும்தான் பிரச்சினை. அதன் நார்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டிருக்கும், ஆப்பு முழுக்க உள்ளே போன பிறகும் இரண்டு பாதியும் பிரியாமல் நாராய்த் தொங்கும். அதற்காக 37 தொன் வாங்க வேண்டியதில்லை. எல்மையும் கணு உள்ள குற்றிகளையும் நடுவில் பிளக்கப் பார்க்காமல் ஓரத்திலிருந்து பலகை மாதிரி சீவிச் சீவி எடுங்கள். மெசின் திணறினால் குற்றியைத் திருப்பி மற்ற முனையிலிருந்து தள்ளுங்கள். அப்படியும் வராத குற்றியைச் செயின்சோவால் நீளவாட்டில் பாதி அறுத்துவிட்டுக் கொடுங்கள்.

பலத்துக்கு அடுத்தது வேகம். இதைப் பம்ப் தீர்மானிக்கிறது. இந்த மெசின்களில் இருப்பது இரண்டு நிலைப் பம்ப். தடை இல்லாதபோது நிறைய எண்ணெயைக் குறைந்த அழுத்தத்தில் அனுப்பி, சிலிண்டரிலிருந்து நீளும் தண்டை வேகமாக ஓட்டும். ஆப்பு மரத்தில் இறுகியதும் குறைந்த எண்ணெயை அதிக அழுத்தத்தில் அனுப்பும். சத்தம் மாறுவதிலிருந்தே அந்த இடம் தெரியும். நிமிஷத்துக்கு 11 கலன் பம்ப், 4 அங்குல சிலிண்டர், 24 அங்குல ஓட்டம் என்றால் தண்டு போய்த் திரும்ப 12 விநாடிக்குச் சற்று மேலாகும். 16 கலன் என்றால் 9 விநாடிக்குள். சிலிண்டர் பெரிதானால் நிரப்ப எண்ணெயும் கூட வேண்டும், அதனால் அதே பம்பில் பெரிய மெசின் மெதுவாகத்தான் ஓடும். தேவையில்லாத தொன்னுக்குக் காசும் கொடுத்து நேரத்தையும் கொடுப்பது அப்படித்தான் நடக்கிறது. வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்படவும் வேண்டாம். வருஷத்துக்கு 4 கோர்ட் கொத்துபவருக்கு நேரம் போவது குற்றியைக் கொண்டுவந்து வைப்பதிலும் விறகை அடுக்குவதிலும்தான்.

அதனால்தான் உங்கள் முதுகு இந்தத் தெரிவில் தொன்னைவிட முக்கியம். 20 அங்குல விட்டமுள்ள பச்சை மேப்பிள் குற்றி ஒன்று 16 அங்குல நீளத்துக்கே 150 இறாத்தலை எட்டும். படுக்கை நிலையில் மட்டும் வேலை செய்யும் மெசினில் அதைத் தூக்கித்தான் வைக்க வேண்டும். நிமிர்த்தக்கூடிய மெசினில் தண்டவாளத்தை, அதாவது ஆப்பு ஓடும் நீண்ட இரும்புச் சட்டத்தை நிமிர்த்தி, குற்றியை நிலத்தில் உருட்டிக்கொண்டு வந்து அடித்தட்டின் மேல் சாய்த்துத் தள்ளினால் போதும். ஒரு சின்ன முக்காலியில் இருந்துகொண்டே பெரிய குற்றிகளை நாலாகப் பிளந்துவிடலாம். பிறகு மெசினைப் படுக்க வைத்து, அந்தக் கால் துண்டுகளை நின்றபடி சின்னதாக்கலாம். முழுநேரமும் குனிந்து நிமிர்த்திய நிலையிலேயே வேலை செய்தால் அதுவும் முதுகைப் பிடிக்கும், அதனால் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். படுக்கை நிலையில் பிளந்த துண்டு நிலத்தில் விழாமல் தாங்கும் தட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். விழுந்ததை எடுக்கக் குனிவதுதான் நாள் முடிவில் வலிக்கும்.

மின்சார மெசினை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வருஷத்துக்கு ஒரு கோர்ட் எரிப்பவருக்கும், ஏற்கெனவே கொத்திய விறகை வாங்கி இன்னும் சின்னதாக்குபவருக்கும் அதுதான் சரி. சில நூறு டாலரில் வரும், சத்தம் குறைவு, கராஜில் வைத்தே வேலை செய்யலாம், புகை இல்லை. ஆனால் 5 தொன் மெசின்களில் பல 10 அங்குல விட்டத்துக்குத்தான் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கும். உங்கள் மேப்பிளுக்கு அது காணாது. ஒருவேளை அதை வாங்கினால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். நீட்டு வயர் 12 கேஜ் தடிப்பில், முடிந்தளவு நீளம் குறைவாக இருக்கட்டும். எண்ணெய்த் தொட்டியில் காற்று போக ஒரு சின்னத் திருகாணி இருக்கும், வேலைக்கு முன் அதைச் சில சுற்றுத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே சீல் கெடும். பிளக்காத குற்றியைப் பிடிவாதமாக 5 விநாடிக்கு மேல் அழுத்திக்கொண்டு நிற்காதீர்கள்.

சுழல்சக்கரத்தின் வேகத்தால் அடிக்கும் கினெற்றிக் மெசின்களும் இருக்கின்றன. இரண்டு மூன்று விநாடியில் ஒரு குற்றி. நேரான ஆஷுக்கு அருமை. ஆனால் பின்னிய நாருக்கு முன் அது நின்றுவிடும், அந்த வேகத்தில் கையை எடுக்க நேரமும் கிடைக்காது. முதல் மெசினாக நான் யாருக்கும் சொல்வதில்லை.

கோடாலியையும் விட்டுவிடாதீர்கள். மெசின் வாங்கினாலும் நல்ல கோடாலி ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஜனவரிக் குளிரில் உறைந்த மேப்பிளும் ஆஷும் ஒரே அடியில் விலகும், அந்தக் குளிரில் மெசினைக் கிளப்புவதைவிட அது சுலபம். ஊரில் பனைமட்டையும் பொச்சுமட்டையும் எரித்துப் பழகிய என் அம்மாவே இங்கே வந்த பிறகு ஆஷ் கட்டையைச் சின்னக் கோடாலியால் கீறிச் சுள்ளியாக்கிவிடுவார். உங்கள் முதுகுக்கு அந்த அளவு போதும், பெரிய குற்றியைக் கோடாலியால் தொட வேண்டாம்.

குளிர் என்றதும் எண்ணெய் ஞாபகம் வருகிறது. ஹைட்ராலிக் எண்ணெய் குளிரில் தடிக்கும். கோடையில் மட்டும் வேலை என்றால் 46 எண் எண்ணெய் பரவாயில்லை, நவம்பரிலும் மார்ச்சிலும் ஓட்டுவதென்றால் 32 எண் எண்ணெய் நல்லது. எதைப் போடலாம் என்பதைக் கையேட்டில் பார்த்துவிடுங்கள். கிளப்பியதும் உடனே குற்றியை வைக்காமல் எஞ்சினைக் கொஞ்சம் சும்மா ஓடவிட்டு, தண்டை வெறுமனே முன்னும் பின்னும் ஓட்டிச் சூடாக்குங்கள். சீசன் முடிந்து வைக்கும்போது காபரேற்றரில் பெற்றோலை விடாதீர்கள்.

அடுத்தது பாதுகாப்பு. இதை நிதானமாகப் படியுங்கள், வீட்டில் பிள்ளைகள் உதவுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் குற்றியைப் பிடிக்க மற்றவர் நெம்புகோலை அழுத்துவதுதான் இந்த மெசினில் விரல் போவதற்கு மிகப் பழக்கமான வழி. குற்றியை வைப்பவரே நெம்புகோலையும் இயக்க வேண்டும், மற்றவர்கள் தள்ளி நின்று கொண்டுவரலாம், அடுக்கலாம். குற்றியைப் பிடிப்பதென்றால் பக்கவாட்டில் பிடியுங்கள், முனைகளில் கை வைக்காதீர்கள். பிளவுக்குள் விரல் விடவே கூடாது, பாதி பிரிந்த கட்டை திரும்ப மூடிக்கொள்ளும். முனை சாய்வாக அறுபட்ட குற்றி துள்ளிப் பறக்கும், அதனால் அறுக்கும்போதே முனை சாயாமல் நேராக அறுத்துவிடுங்கள். கண்ணாடி, இரும்பு முனைச் சப்பாத்து, காதுக்கு மூடி மூன்றும் வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. எண்ணெய்க் குழாயில் ஊசித்துளை விழுந்தால் அதிலிருந்து பீறும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் சின்னப் புள்ளி மாதிரித்தான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது, ஆனால் கையையே இழக்க வைக்கக்கூடிய காயம் அது. கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். எஞ்சினை நிறுத்தி அழுத்தத்தை இறக்குங்கள். ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டுமென்றால் தள்ளி நின்று ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். தோலில் பட்டதாகச் சந்தேகம் வந்தாலே அவசர சிகிச்சைக்குப் போய் 'ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே போயிருக்கலாம்' என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒருநாள் வாடகைக்கு எடுத்து உங்கள் சொந்த எல்மில் ஓட்டிப் பாருங்கள். அந்தச் செலவு வீண் போகாது. பக்கத்துக் காணிக்காரரோடு சேர்ந்து வாங்குவதும் நல்ல யோசனை. நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம். இந்த மெசின் வருஷத்தில் பெரும்பகுதி சும்மாதான் நிற்கும், எண்ணெய் மாற்றும் செலவையும் பாதியாக்கலாம். பழையது வாங்குவதானால் சிலிண்டர் தண்டில் கீறல், துரு இருக்கிறதா, ஆப்பு தண்டவாளத்துக்கு நேராக ஓடுகிறதா, குழாய்கள் வெடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். குளிர்ந்த எஞ்சினை உங்கள் கண்முன் கிளப்பச் சொல்லுங்கள்.

ஆஷ் மரங்களை முதலில் முடியுங்கள். 2002இல் வின்ட்சரிலும் டெட்ராய்ட்டிலும் கண்டுபிடிக்கப்பட்ட மரகத ஆஷ் வண்டு கொன்ற மரங்கள்தான் இங்கே எங்கும் நிற்கின்றன. பட்டு நிற்கும் ஆஷ் முறியும் தன்மை கொண்டது, கிளை சொல்லாமல் விழும், அதனால் வெட்ட அனுபவமுள்ள ஆளை வைத்துக்கொள்ளுங்கள். அந்த விறகை வேறு ஊருக்குக் கொண்டுபோகவோ கொட்டேஜுக்கு ஏற்றவோ வேண்டாம், வண்டு அதோடுதான் பரவுகிறது.

இப்போது மெசின் வாங்கினாலும் இந்தக் குளிர்காலத்துக்கு மேப்பிள் காயாது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் எரிக்கலாம், பச்சை மரத்துக்கு அதற்கு ஒரு முழுக் கோடையாவது காற்றோட்டத்தில் அடுக்கி வைத்திருக்க வேண்டும். ஈரமான விறகு புகைபோக்கியில் தார் படியவைக்கும், அது தீப்பிடிக்கும். ஈரம் பார்க்கும் சின்ன மீற்றர் மலிவுதான். கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்திப் பாருங்கள், வெளிமுகம் எப்போதும் காய்ந்ததாகத்தான் காட்டும். இந்த வருஷத்துக்குக் காய்ந்த விறகு இரண்டு புஷ் கோர்ட் வாங்கிப் போட்டுவிட்டு, உங்கள் மேப்பிளை அடுத்த வருஷத்துக்கென்று கொத்தி அடுக்குங்கள். சிலிண்டர் அளவோடு நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மொடல்களைக் கீழே எழுதினால் ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.