வாசல் மரத்தில் முளைத்த காளான்: கஷாயம் வைக்கலாமா?

கேள்வி: பெங்களூரு ஜெயநகரில் இருக்கிறோம். வாசலில் நிற்கும் பழைய மயில்கொன்றையின் அடியில், வார்னிஷ் பூசியதுபோல் பளபளக்கும் செம்பழுப்புத் தட்டுக் காளான் வந்திருக்கிறது. "இது ரெய்ஷி, கஷாயம் வைத்துக் குடிக்கலாம்" என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கனோடெர்மா என்னும் மரப் பூஞ்சை வகையாக இருக்கலாம். ஆனால் அதில் இனங்கள் பல. சீனாவில் லிங்ஜி, ஜப்பானில் ரெய்ஷி என்று மருந்துக்கு எடுப்பது இதுதானா என்று பளபளப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அசல் ரெய்ஷியாகவே இருந்தாலும், அந்த மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வர வாய்ப்புண்டு. தெருவோரக் காளான் உலோகக் கழிவுகளையும் உறிஞ்சி வைத்திருக்கும்.

தட்டுக் காளான்களைப் பழங்காலம் முதல் மனிதர்கள் பயன்படுத்தியது உண்மைதான். 1991-ல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, சுமார் 5,300 ஆண்டுக்கு முந்தைய மனிதனிடம் தோல்வாரில் கோத்த பூர்ஜ (பிர்ச்) மரக் காளான் துண்டுகள் இருந்தன. தீ மூட்டும் காளானும் தனியாக வைத்திருந்தான். ஐரோப்பாவில் அந்தத் தீக்காளானின் உள்சதையைச் சீவி, தட்டி மெத்தென்றாக்கி, வெடியுப்புக் கரைசலில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். சிக்கிமுக்கிப் பொறி பட்டால் போதும், கனன்றுகொண்டே இருக்கும். காயத்தில் ரத்தத்தை நிறுத்தவும் அதே சதையை வைத்துக் கட்டினார்கள். ஆனால் அவை குளிர்நாட்டு மரங்களில் வருபவை, உங்கள் வாசலில் இருப்பது வேறு.

எனக்குக் கவலை மரத்தைப் பற்றித்தான். மாமரத்துக்கு மாங்காய் எப்படியோ, அப்படித்தான் இந்தத் தட்டு. பூஞ்சையின் உடல் உள்ளே, வேரையும் அடிமரத்தையும் தின்றுகொண்டிருக்கிறது. தட்டின் மேல் கோகோ பொடி மாதிரி படிந்திருந்தால் அது வித்துத்தூள். தட்டைப் பிய்த்துப் போட்டால் நோய் போகாது. நம் ஊரில் தென்னையைச் சாய்க்கும் தஞ்சாவூர் வாடல் நோயும் கனோடெர்மாவின் வேலைதான்.

மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டுங்கள். 'டொக்' என்று வெற்றொலி வருகிறதா? ஒருபக்கம் மண் வெடித்து மேலெழும்பியிருக்கிறதா? அப்படியென்றால் ஏப்ரல், மே மாதப் புயல்மழைக்கு முன்பே நடவடிக்கை எடுங்கள். மயில்கொன்றைக்கு வேர் ஆழமில்லை, சட்டென்று சாய்ந்துவிடும். அதுவரை அடியில் வண்டி நிறுத்தாதீர்கள், வேரைச் சுற்றி சிமென்ட் போடாதீர்கள். வெட்டுவதாக இருந்தால் 1976-ம் ஆண்டு கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி தேவை; மாநகராட்சி வனப்பிரிவில் காளானின் போட்டோவோடு மனு கொடுங்கள்.