அண்ணன் மகனுக்கு ரத்தப் புற்றுநோய்: உறவினர்கள் எப்படித் துணை நிற்பது?

கேள்வி: என் அண்ணன் மகனுக்கு 15 வயது. லுகேமியா, அதில் ஏ.எல்.எல். (அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா) வகை என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு நாளில் கீமோ தொடங்குகிறது. அண்ணியிடம் "என்ன செய்யட்டும்?" என்று கேட்டால் "ஒன்றும் வேண்டாம்" என்கிறார். பையன் யாரிடமும் பேசுவதில்லை. அவன் தங்கைக்கு 9 வயது. நாங்கள் என்னதான் செய்வது?

பதில்: கீமோ தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. அண்ணனும் அண்ணியும் இருக்கும் நிலையில் இவை விட்டுப்போகலாம், நீங்கள் நினைவூட்டுங்கள். ஒன்று, பையனுக்குக் கொடுக்கப்போவது குழந்தைகளுக்கான சிகிச்சை முறையா, பெரியவர்களுக்கானதா? ஏ.எல்.எல். வந்த வளரிளம் பருவத்தினருக்குக் குழந்தைகளுக்கான முறையே கூடுதல் பலன் தந்திருக்கிறது. இரண்டு, விந்தணுவைச் சேமித்து வைக்க முடியுமா? சில கீமோ மருந்துகள் பிற்காலத்தில் குழந்தை பெறும் திறனைப் பாதிக்கக்கூடும். கீமோ தொடங்கிவிட்டால் இதற்கான வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும். இந்தப் பேச்சை மருத்துவர் பையனிடம் தனியாகப் பேசட்டும். அத்தையும் மாமாவும் சுற்றி நிற்கும்போது எந்தப் பையனும் வாய் திறக்கமாட்டான்.

அண்ணி "ஒன்றும் வேண்டாம்" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். என்ன தேவை என்று யோசித்துச் சொல்வதே இப்போது அவருக்கு இன்னொரு வேலை. "செவ்வாயும் வெள்ளியும் பாப்பாவைப் பள்ளியிலிருந்து நான் கூட்டி வருகிறேன், சரியா?" என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் வந்துவிடும். நலம் விசாரிக்கும் போன்களையெல்லாம் ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டு, வாரம் ஒரு முறை எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்பலாம். எதைச் சொல்வது, எதைச் சொல்லக்கூடாது என்பதைப் பையனிடம் கேட்டே எழுத வேண்டும்.

ஏ.எல்.எல். சிகிச்சை மொத்தம் 2 முதல் 3 ஆண்டுகள். முதல் கட்டம் ஏறக்குறைய 4 வாரம். பிறகு பல மாதம் கடுமையான கீமோ. அதன்பின் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடும் பராமரிப்புக் கட்டம். சொந்தபந்தம் முதல் மாதம் குவியும், ஆறாம் மாதம் ஆளைக் காணாது. எல்லோரும் இப்போதே லீவு போட்டு ஓடி வராமல், யார் எந்த மாதம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

உதவிக்கு வரும் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய விஷயம் காய்ச்சல். கீமோவுக்குப் பின், ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது சாதாரணத் தொற்றுகூடச் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். மருத்துவமனை சொல்லும் அளவே கணக்கு. பெரும்பாலும் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட். அதைத் தொட்டால், நள்ளிரவானாலும் உடனே போன் செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பதே மருத்துவர்களின் இலக்கு. இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, "ஒரு பாராசிட்டமால் போட்டுக் காலைவரை பார்ப்போம்" என்பது. மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கும். தொற்று உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கக்கூடாது. அங்கே ஏற்படும் சிறு கீறல் வழியாகவே கிருமி ரத்தத்தில் கலக்கலாம். சிகிச்சையின் பகுதியாக ஸ்டீராய்டு மருந்து எடுக்கும் வாரங்களில் காய்ச்சல் தெரியாமலே தொற்று இருக்கக்கூடும் என்பதால் நடுக்கம், அசாதாரண மயக்கம், "என்னமோ சரியில்லை" என்ற தோற்றம், எதுவாக இருந்தாலும் போன் செய்யுங்கள். பை ஒன்று எப்போதும் கட்டித் தயாராக இருக்கட்டும்: மருந்துப் பட்டியல், கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு, சார்ஜர், மாற்றுத் துணி.

சளி, இருமல், வயிற்றுப்போக்கு இருப்பவர் பார்க்க வரவே வேண்டாம். அம்மை கண்ட யாராவது பையன் அருகில் இருந்துவிட்டது தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தடுப்பு மருந்து கொடுக்கும் அவகாசம் சில நாட்கள்தான்.

ரத்தம் கொடுக்கச் சொந்தக்காரர்கள் உடனே முன்வருவார்கள். நல்ல மனசுதான், ஆனால் பெற்றோரும் நெருங்கிய ரத்த உறவினரும் மருத்துவரைக் கேட்காமல் இவனுக்கே கொடுக்க வேண்டாம். பிறகு எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்பட்டால், உறவினர் ரத்தத்துக்கு எதிராக இவன் உடலில் முன்பே உருவான எதிர்ப்புப் பொருள்கள் இடைஞ்சல் செய்யலாம். நண்பர்களைத் திரட்டுங்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) சேமித்து வைத்தால் பெரும்பாலும் 5 நாள்தான் தாங்கும். அதனால் எல்லோரும் ஒரே நாளில் கொடுத்துப் பயனில்லை, முறைவைத்துக் கொடுக்க வேண்டும். தட்டணு கொடுப்பவர் முந்தைய சில நாட்களில் ஆஸ்பிரின் எடுத்திருக்கக்கூடாது. பையனுக்கும் வலி என்று ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ கொடுத்துவிடாதீர்கள், ரத்தக்கசிவு கூடும்.

பையன் விஷயத்துக்கு வருவோம். நோயின் பெயரை அவனிடம் மறைக்கச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். கேட்காதீர்கள். 15 வயதுப் பையன் கையில் போன் இருக்கிறது. மறைத்தால் அரைகுறையாகத் தானே தேடித் தெரிந்துகொள்வான், அதன்பின் உங்கள் சொல்லை நம்பமாட்டான். முடி ஏறக்குறைய 2, 3 வாரத்தில் கொட்டத் தொடங்கும். முன்பே சொல்லிவிட்டால் எப்போது ட்ரிம் செய்வது என்பதாவது அவன் கையில் இருக்கும். ஸ்டீராய்டு நாட்களில் அடங்காப் பசி, தூக்கமின்மை, முகம் உப்புதல், காரணமில்லாத சீற்றம் வரும். அது மருந்தின் வேலை. "இப்படியா பேசுவது" என்று புத்தி சொல்லும் நேரமல்ல. வின்கிறிஸ்டின் என்ற ஊசி மலச்சிக்கலும், விரல்களில் மரத்துப்போதலும், தாடை வலியும் தரும். கூச்சத்தில் மலச்சிக்கலை அவன் மறைத்துவிடுவான். நேராகக் கேளுங்கள், எனிமா மட்டும் வேண்டாம். அவன் பேசாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது விளையாடுங்கள். நண்பர்களோடு வீடியோ அழைப்புக்குத் தனிமை கொடுங்கள்.

தங்கையிடம் மூன்று செய்தி சொல்லியாக வேண்டும்: இது ஒட்டிக்கொள்ளாது, நீ செய்த எதனாலும் வரவில்லை, நாளை உன்னை யார் பார்த்துக்கொள்வார். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

பராமரிப்புக் கட்டத்தில் முடி முளைத்து, பள்ளிக்குப் போய், "சரியாகிவிட்டது" என்று எல்லோரும் மூச்சு விடும்போது மாத்திரை தவற ஆரம்பிக்கும். மெர்காப்டோபியூரின் தினமும், மெதோட்ரெக்சேட் பொதுவாக வாரம் ஒரு முறை. மெர்காப்டோபியூரினில் 100-க்கு 5 வேளைக்கு மேல் தவறியவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து இரு மடங்குக்கும் மேல் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. மாத்திரையைப் பெட்டியில் வைத்துவிட்டால் போதாது. விழுங்குவதைப் பெரியவர் ஒருவர் பார்க்க வேண்டும். மெதோட்ரெக்சேட்டைத் தவறுதலாகத் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையை அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அம்மா களைத்துப்போன அந்த மாதங்களில், இரவு மாத்திரை நேரத்தில் வீடியோ அழைப்பில் வருவதை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம். தொலைவிலிருந்தே செய்யக்கூடிய வேலை அது.