பழைய வீட்டுக்கு இன்சுலேஷன் (வெப்பத் தடுப்பு) போட்டால் வெயிலுக்குப் பலன் இருக்குமா? எங்கே தொடங்குவது?

பலன் இருக்கும். சீலிங்கில் தொடங்குங்கள், சுவரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

நான் இருப்பது ஆஸ்திரேலியாவின் பெர்த்தில். எழுபதுகளில் கட்டிய இரட்டைச் செங்கல் சுவர் வீடு, மேலே ஓடு. 2021-22 கோடையில் இங்கே 13 நாள் வெயில் 40 டிகிரியைத் தொட்டது. இரவு பதினொரு மணிக்கும் பின்னறையில் படுக்க முடியவில்லை. அதே அறையில் ஜூலை மாதம், இங்கே அதுதான் குளிர்காலம், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இன்சுலேஷன் போடப்போகிறேன் என்றதும் அம்மா போனில் கேட்டார்: "கம்பளி குளிருக்குத்தானேடா, வெயிலுக்கு எதுக்கு?" ஐஸ்கட்டியை மரத்தூள் கொட்டிச் சாக்குப் போட்டு மூடிவைப்பார்களே, அது மாதிரிதான் என்றேன். அப்புறம் கேள்வியே வரவில்லை.

எதையும் வாங்குவதற்கு முன் மேலே ஏறிப் பாருங்கள். காலையிலேயே ஏறுங்கள், கோடைப் பகலில் ஓட்டுக்கு அடியில் இருப்பது அடுப்புக்குள் இருப்பது போல. நான் ஆறு மணிக்கு சீலிங் மூடியைத் தள்ளி டார்ச் அடித்தேன். 'இன்சுலேஷன் உண்டு' என்று சொல்லி விற்ற வீடு. ஹாலுக்கு மேலே பழைய கிளாஸ்வுல் (கண்ணாடி இழைப் பஞ்சு) அப்பளமாகப் படிந்து கிடந்தது. பின்னறைக்கு மேலே ஒன்றுமே இல்லை. ஒரு கட்டு மட்டும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் மூலையில் கிடந்தது. யாரோ பாதியில் இறங்கிப் போயிருக்கிறார்!

வெப்பத்தைத் தடுப்பது பஞ்சு அல்ல, அதற்குள் அசையாமல் நிற்கும் காற்று. அதனால் அமுக்கித் திணித்தால் பலன் குறையும், இடைவெளி விட்டாலும் குறையும். நான் போட்டது ஆர் 4 பேட்ஸ், அதாவது வெட்டியே விற்கும் பஞ்சு மெத்தைகள், கிட்டத்தட்ட ஒரு சாண் கனம். ஆர் எண் கூடக்கூட வெப்பத்தை அதிகம் தடுக்கும். பெரும்பாலும் 430, 580 மி.மீ. அகலங்களில் கிடைக்கும். சீலிங் சட்டங்களின் இடைவெளியை அளக்காமல் 580 வாங்கிவந்து, மறுநாள் காரில் ஏற்றித் திருப்பிக் கொடுத்த புத்திசாலி நான்.

மின்சார விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 2009-இல் இங்கே அரசு செலவில் வீடுகளுக்கு இன்சுலேஷன் போடும் திட்டம் வந்தது. அவசர அவசரமாக நடந்த அந்த வேலையில் நான்கு இளைஞர்கள் இறந்தார்கள்: மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கூரைக்குள் வெப்பம் தாங்காமல். இன்சுலேஷனாகப் போடும் அலுமினியத் தாளை உலோக ஸ்டேப்பிள் அடித்துப் பொருத்தியபோது அது ஒயருக்குள் இறங்கியதும் அதில் உண்டு. 2010 பிப்ரவரியில் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். எனவே முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து ஒயர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே ஏறும்போது மெயின் சுவிட்சை அணையுங்கள். சீலிங்கில் பதித்த பழைய ஹாலஜன் விளக்கு (டௌன்லைட்) இருந்தால், மேலே பஞ்சு மூடலாம் என்று குறிப்பிட்டிருக்கும் எல்ஈடி விளக்காக மாற்றுங்கள். சூடான ஹாலஜன் மேல் பஞ்சு கிடந்தால் தீப்பிடிக்கும்.

குளிருக்குக் கதவடி இடுக்குகளை அடைத்ததே பெரிய வித்தியாசம் தந்தது. ஆனால் புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர் இருக்கும் அறையில் சுவரின் காற்றுத் துளைகளை அடைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு சேரும்.

சரி, இப்போது எப்படி இருக்கிறது? மதியம் தலைக்கு மேலிருந்து இறங்கும் சூடு போயே போய்விட்டது. ஆனால் செங்கல் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில்தான் கக்கும். தொடர்ந்து மூன்று நாள் காய்ந்தால் மேற்குச் சுவரை உள்ளிருந்து தொட்டாலே வெதுவெதுப்பு தெரியும். அதற்குச் சீலிங் பஞ்சு ஒன்றும் செய்யாது. இரண்டு செங்கல் வரிசைக்கும் நடுவே இடைவெளி விட்டிருப்பது மழை ஈரம் உள்ளே கடக்காமல் இருக்கத்தான். கண்டதைக் கொட்டி அதை நிரப்பினால் ஈரம் சுவருக்குள் வந்துவிடும் என்று நான் தொடவில்லை. பிற்பகலில் கடற்காற்று வரும், ஊர்க்காரர்கள் 'ஃப்ரீமாண்டில் டாக்டர்' என்பார்கள். வெளியே குளிர்ந்ததும் ஜன்னல்களைத் திறந்துவிடுகிறோம். மேற்குச் சுவரை ஒட்டிக் கம்பி கட்டி, பாஷன் ஃப்ரூட் கொடியும் ஏற்றியிருக்கிறேன். போன கோடையில் ஜன்னல் விளிம்பைத் தொட்டது.