தங்கம் இந்த விலை விற்கும்போதும் கேஜிஎஃப் (கர்நாடகத்தின் கோலார் தங்கவயல்) சுரங்கத்தைத் திறக்க ஏன் இத்தனை தாமதம்?

"அரசுக்கு மனசில்லை, அதானே?" என்று கேள்வியிலேயே பதிலையும் எழுதிவிட்டீர்கள். அங்கே மனை கினை வாங்கிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறீர்கள் போல. மனசு ஒரு பங்குதான். பெரிய பங்கு தண்ணீர்.

எங்க நைனா பூமிக்கடியில் பம்பு பார்த்தவர். நான் இஞ்சினியர் இல்லை, பெங்களூரில் கணக்கெழுதிப் பிழைக்கிறவன். விஷயம் தெரிந்தவர்கள் திருத்தினால் கேட்டுக்கொள்கிறேன். 'யூனியன்காரன் பிள்ளை இப்படித்தான் பேசுவான்' என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.

2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். அன்றைக்கு நைனா சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பம்பு நின்னா முடிஞ்சிதுடா. கெணறு மாதிரி ஊறிக்கினே இருக்கும்" என்றார். அப்படியேதான் ஆனது. அங்கே இருக்கிற சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அதில் நின்ற தண்ணீரை இறைக்கவே வருஷக்கணக்காகும், இறைத்ததைச் சும்மா ஓடையில் விடவும் முடியாது. மட்டம் இறங்க இறங்க, பாறை சரியாமலிருக்க முட்டுக்கொடுத்த, ஊறிப்போன மரமும் பாறையும் எப்போது சரியும் என்று யார் சொல்வது? ஆள் வேலை செய்த காலத்திலேயே ஏர்பிளாஸ்ட், அதாவது அழுத்தம் தாங்காமல் பாறை வெடிப்பது, வந்தால் எங்கள் லைன் வீட்டில் அலமாரிப் பாத்திரம் உருண்டு விழும். அப்புறம் ஷாஃப்ட்டை, அதாவது ஆள் இறங்குகிற செங்குத்துக் குழியை, பழுது பார்க்க வேண்டும், அவசரத்துக்கு இரண்டாவது வழி வேண்டும், அந்த ஆழத்துச் சூட்டுக்குக் குளிர்ந்த காற்று இறக்க வேண்டும். ஒரு குந்துமணித் தங்கம் மேலே வருவதற்கு முன்னால் ஆகிற செலவு இது. அதுவும் ஆரம்பத்தில் டன் கல்லுக்கு 40 கிராமுக்கு மேல் கொடுத்த இடம், கடைசியில் 3 கிராம் வாக்கில் வந்து நின்றது.

காகித வேலை தனி. உலகளாவிய டெண்டர் விட மத்திய அரசு 2006-ல் முடிவெடுத்தது. வழக்கெல்லாம் கடந்து உச்ச நீதிமன்றம் வழிவிட்டது 2013-ல். அந்தச் செய்தி வந்த அன்று நைனா டிரங்குப் பெட்டியிலிருந்து தன் வேலை நம்பர் பொறித்த பித்தளை டோக்கனை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். "தொறந்தா இதே நம்பர் குடுப்பாங்களா?" என்று என்னைக் கேட்டார். வயசு 67. நான் "கேட்டுப் பாக்கலாம்" என்றேன். 2015-ல் சுரங்கச் சட்டமே மாறி, குத்தகை என்றால் ஏலம் என்றாகிவிட்டது.

'திறக்கப் போகிறார்கள்' என்று 2024-ல் ஓடிய செய்தியை நம்பித்தான் கேட்டிருப்பீர்கள். மாநில அமைச்சரவை அப்போது ஒப்புதல் தந்தது 13 மண்மேடுகளுக்கு. நாங்கள் சைனைடு மேடு என்போமே, அரைத்துச் சக்கையாகக் கொட்டிய மண், அதைத் திரும்ப அலசி மிச்சத் தங்கம் எடுப்பது. அதற்கு யாரும் கேஜில், அதாவது சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில், இறங்கத் தேவையில்லை.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். மைன்ஸ் மூடியதிலிருந்து ஊரில் பாதிப்பேர் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூர் வந்துதான் கஞ்சி குடிக்கிறார்கள். நானும் 11 வருஷம் வந்தேன். நடுக்காட்டில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு நிறுத்துவான். இறங்கி ஓடிப்போய் மூச்சிரைக்க நின்றால், "தினமும் இதே கதையா?" என்று மேனேஜர் அரைநாள் சம்பளத்தைப் பிடிப்பார். சுரங்கம் எப்போது வேண்டுமானாலும் திறக்கட்டும். அந்த விடியற்காலை ரயிலில் இரண்டு பெட்டி சேர்க்கச் சொல்லுங்கள், அதற்குத் தண்ணீர் இறைக்க வேண்டியதில்லை.