ஒரே படகில் இரண்டு ஃபிஷ் ஃபைண்டர்: திரையில் சாய்கோடு ஏன்?

கேள்வி: ஆறு மீட்டர் படகில் பின்னால் ஸ்டியரிங் பக்கம் ஒரு ஃபிஷ் ஃபைண்டர் (தண்ணீருக்குள் ஒலி விட்டு, எதிரொலியை வைத்து மீனைத் திரையில் காட்டும் சோனார் கருவி), முன்பக்கம் மின் மோட்டாரோடு இன்னொன்று. இரண்டும் 200 கிலோஹெர்ட்ஸ். இரண்டையும் போட்டால் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சாய்கோடுகள். ஒயரில் ஃபெரைட் என்ற காந்தப்பொருள் வளையம் மாட்டினால் போய்விடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தொல்லை தண்ணீர் வழியாக வருகிறதா, ஒயர் வழியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். ஃபெரைட் ஒயரில் வருவதைத்தான் ஓரளவு அடக்கும். தண்ணீரில் வரும் ஒலியிடம் அதன் பாச்சா பலிக்காது.

எஞ்சின், மோட்டார், பம்பு, ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துப் படகை மிதக்கவிடுங்கள். இரண்டு கருவிகளிலும் சென்சிட்டிவிட்டியை மேனுவலுக்கு மாற்றுங்கள். ஆட்டோவில் விட்டால் அது தானாகக் கூட்டிக் குறைத்துக் குழப்பும். இனி முன்பக்கக் கருவியின் மெனுவில் சோனார் ஒலி விடுவதை மட்டும் நிறுத்துங்கள். திரை எரிந்துகொண்டே இருக்கட்டும். பின்பக்கத் திரையில் கோடு சட்டென மறைந்தால் அநேகமாகத் தண்ணீர் வழி. கருவியை முழுதாக அணைத்தால்தான் போகிறது என்றால் ஒயர் வழி. ஒன்று கவனியுங்கள்: இரண்டும் ஒரே பேட்டரியில் இருந்தால், ஒலி விடும் நொடியில் இழுக்கும் மின்சாரமும் மற்றதைத் தொடலாம். ஒன்றைத் தனி 12 வோல்ட் பேட்டரியில் போட்டு இன்னொரு முறை பார்த்தால் அந்தச் சந்தேகமும் தீரும்.

சாய்கோடு என்றாலே தண்ணீர் வழியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டு கருவிகளும் ஒரே தாளத்தில் ஒலி விடுவதில்லை. அடுத்ததன் ஒலி ஒவ்வொரு முறையும் சற்று முந்தியோ பிந்தியோ வந்து விழும். கருவி அதைத் தன் எதிரொலி என்று எண்ணி, ஏதோ ஓர் ஆழத்தில் புள்ளியாக வரைந்துவிடும். தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகிறது. போய்த் திரும்பும் கணக்கில், ஒரு மில்லிவிநாடி பிந்தினாலே புள்ளி 75 செ.மீ. கீழே இறங்கும். அப்படி வரிசையாக இறங்கும் புள்ளிகள்தான் அந்தக் கோடு.

டிரான்ஸ்டியூசர்களை (தண்ணீருக்குள் ஒலி விட்டு எதிரொலியை வாங்கும் பகுதிகளை) தள்ளி வைத்தால் தீராதா என்றால், தீராது. கீழே பரவும் 20 டிகிரி ஒலிக் கூம்பு 30 மீட்டர் ஆழத்தில் பத்தரை மீட்டர் அகல வட்டத்தைத் தொடும். உங்கள் படகே ஆறு மீட்டர்தான்.

அலைவரிசையைப் பிரிப்பதே வழி. ஒன்றை 200-இலேயே விட்டு, மற்றதில் வசதி இருந்தால் 83 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். 83-இல் கூம்பு அகலும், நுணுக்கம் குறையும். ஆகவே எங்கே நின்று மீன் பார்க்கிறீர்களோ அந்தக் கருவிக்கே 200 இருக்கட்டும். சிர்ப் வகை (ஒரே எண்ணில் நிற்காமல் ஒரு வரம்பு முழுக்க ஒலி விடுவது) என்றால் ஒன்றுக்கு நடு வரம்பு, மற்றதற்கு உயர் வரம்பு. இரண்டின் வரம்பு எண்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பாருங்கள். படகின் இரு பக்கமும் காட்டும் பக்கவாட்டுப் படம் இரண்டு கருவியிலும் 455 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டும் ஓட்டுங்கள். மிச்சமிருக்கும் புள்ளிகளுக்கு இடையூறு வடிகட்டியைக் குறைந்த அளவில் வையுங்கள். உச்சத்துக்குத் தள்ளினால் சின்ன மீனும் சேர்ந்து அழிந்துவிடும்.

கேள்வி: பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக இரண்டு வாங்குவதானால் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஈதர்நெட் வழியாக சோனார் படத்தையே பகிரும் ஒரே நிறுவனத்து ஜோடி. “நெட்வொர்க் உண்டு” என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள். சில மாடல்கள் நீங்கள் வரைபடத்தில் குறித்து வைத்த இடங்களை மட்டுமே பகிரும். சோனார் பகிர்வு என்று அந்த இரண்டு மாடல் எண்களுக்கும் கையேட்டில் எழுதியிருக்க வேண்டும். அப்படியானால் இரண்டாவதை டிரான்ஸ்டியூசர் இல்லாத பெட்டியாக வாங்கலாம், செலவும் குறையும். ஒலி விடுவது ஒன்றே என்பதால் மோதல் கிடையாது. ஒரு குறை உண்டு: பின்பக்க டிரான்ஸ்டியூசரின் படத்தை முன்னால் நின்று பார்த்தால், மீன் தெரியும்போது படகின் முன்பக்கம் அதைத் தாண்டியிருக்கும்.

கேள்வி: மின் மோட்டார் ஓடும்போது மட்டும் திரை கலங்கினால்?

பதில்: அது வேறு சங்கதி. அரை வேகத்தில் கலங்கி முழு வேகத்தில் தெளிந்தால், மோட்டாரின் வேகக் கட்டுப்பாடு மின்சாரத்தை விட்டு விட்டுத் தருவதுதான் காரணம். கருவிக்குத் தனி பேட்டரி கொடுங்கள். அதன் மின் ஒயரைக் கையேடு சொல்லும் ஃபியூஸோடு நேராக பேட்டரிக்கே கொண்டுபோங்கள். டிரான்ஸ்டியூசர் கேபிளை மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்; குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்கோணமாகக் கடக்கட்டும். நீளம் மிஞ்சுகிறது என்று கேபிளை வெட்டினால் உறை பழுதாகும், வாரண்டியும் போகும். ஃபெரைட்டுக்கு வேலை வருவது இங்கேதான்: மின் ஒயரை அதற்குள் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, கருவிக்கு அருகிலேயே மாட்டுங்கள்.