ஒரே முதலாளி, பல நாளிதழ்கள்

கேள்வி: ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் வேலை பார்க்கும் எங்கள் மகள், அந்த ஊர் நாளிதழும் சுற்றுவட்டார நாளிதழ்கள் சிலவும் 'ஃபுங்க' என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமானவை என்கிறாள். இது எப்படி நேர்ந்தது?
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஆக்கிரமிப்புப் படைகளின் உரிமம் இல்லாமல் ஜெர்மனியில் எவரும் நாளிதழ் நடத்த முடியாது என்ற நிலை இருந்தது. எஸ்ஸன் அடங்கிய ரூர் நிலக்கரிப் பகுதி பிரிட்டிஷ் படையின் பொறுப்பில் இருந்தது. ஹிட்லர் கட்சியின் பிடி இறுகிய 1936-இல் டான்சிக் நகரைவிட்டு வெளியேறி, போர் முடியும்வரை அயல்நாடுகளில் வாழ்ந்த சமூக ஜனநாயகக் கட்சிப் பத்திரிகையாளர் எரிக் பிராஸ்ட் அந்த உரிமத்தைப் பெற்றார். 1948 ஏப்ரல் 3 அன்று போஹும் நகரிலிருந்து 'வெஸ்ட்டாய்ச்ச அல்கமைன' நாளிதழின் முதல் இதழ் வெளிவந்தது. யாக்கோப் ஃபுங்க அவருடைய பங்குதாரர். அப்போது உடைமை இரு குடும்பங்களுக்கும் சரிபாதியாக இருந்தது. பின்னாளில் அலுவலகம் எஸ்ஸனுக்கு மாறியது.

உங்கள் கேள்விக்கான விடை 1975, 1976 ஆம் ஆண்டுகளில் இருக்கிறது. டோர்ட்முண்டின் 'வெஸ்ட்ஃபேலிஷ ருண்ட்ஷாவ்' உள்ளிட்ட அண்டை நாளிதழ்களை அப்போது இந்நிறுவனம் தன்வசமாக்கியது. அச்சகம், விளம்பரப் பிரிவு, விநியோகம் ஆகியவற்றைப் பொதுவாக்கிச் செலவைக் குறைத்த அது, ஆசிரியர் குழுக்களை மட்டும் தனித்தனியாகவே வைத்திருந்தது. ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்கும் இரண்டு நிருபர்கள் ஒரே நகர்மன்றக் கூட்டத்தில் அமர்ந்து இருவேறு கோணங்களில் எழுதலாம் என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர். நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு இது. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விசைப்படகுகள் கரைதிரும்பாத நாளில், அங்கேயே நின்று மீனவர்களிடம் பேசி எழுதும் நிருபர் ஒருவருக்குப் பதில் இருவர் இருந்தால், ஒருவர் கேட்கத் தவறியதை மற்றவர் கேட்டுவிடுவார்.

அந்த உயிர் 2013-இல் பறிக்கப்பட்டதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். நஷ்டத்தைக் காரணம் காட்டி 'ருண்ட்ஷாவ்' ஆசிரியர் குழு மொத்தமாகக் கலைக்கப்பட்டது. சுமார் 120 பேர் வேலை இழந்தனர். நாளிதழ் நிற்கவில்லை. தலைப்பு அப்படியே இருக்க, உள்ளே வந்தவை பிறர் எழுதிய செய்திகள்; டோர்ட்முண்ட் உள்ளூர்ப் பக்கங்களோ அதுவரை போட்டியாக இருந்த வேறொரு நிறுவனத்தின் நாளிதழிலிருந்து வாங்கப்பட்டவை! அதே ஆண்டு ஜூலையில், ஆக்ஸல் ஸ்பிரிங்கர் நிறுவனத்தின் ஹாம்பர்க், பெர்லின் நாளிதழ்களையும் சில வார, மாத இதழ்களையும் 92 கோடி யூரோவுக்கு வாங்க ஒப்பந்தமும் போட்டார்கள். நிறுவனம் ஃபுங்க என்ற பெயரை ஏற்றதும் 2013-இல்தான்.

உங்கள் மகள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, எஸ்ஸன் நாளிதழையும் பக்கத்து ஊர் நாளிதழ் ஒன்றையும் ஒரே தேதியில் வாங்கி எடுத்துவரச் சொல்லுங்கள். இரண்டையும் அருகருகே விரித்து, எந்தச் செய்தியின் கீழ் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.