கேள்வி நேரம்: வரைபடம் அச்சான பிறகு கருத்தா?

கே: எங்கள் பகுதிப் பேருந்து வழித்தடங்களை மாற்றுவதற்கு முன் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். வேலை நாள், பகல் 3 மணி. போனால் புது வரைபடம் பளபளவென்று சுவரில் தொங்குகிறது. கண்துடைப்புதானே இது?

ப: பெரும்பாலும் ஆமாம். ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் 1969-லேயே மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வகுத்துக் காட்டினார். தகவல் சொல்வது மூன்றாம் படி, கருத்துக் கேட்பது நாலாம் படி. நாலில் நின்றுகொண்டே உச்சிக்கு ஏறிவிட்டதாக அறிக்கை எழுதும் துறைகள்தான் அதிகம். அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். போனதும் "இதில் இன்னும் முடிவாகாதது எது?" என்று கேளுங்கள். நிறுத்தம் எங்கே, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று ஏதாவது ஒன்று பாக்கி இருக்கும், அதில் பேசினால் பலன் உண்டு. நீங்கள் சொன்னதில் எதை ஏற்றார்கள், எதை ஏன் தள்ளினார்கள் என்று எழுத்திலும் கேட்டு வாங்குங்கள்.

கே: நான் பேருந்து ஓட்டுநர். வழி மாறிய விஷயத்தைப் பயணி சொல்லித்தான் எனக்கே தெரிகிறது. திட்டு மட்டும் எனக்கு!

ப: தலைமையகத்தில் மின்னஞ்சல் அனுப்பியவர் எல்லோருக்கும் சொல்லியாயிற்று என்று நம்பிக்கொண்டிருப்பார். விடிகாலையில் வண்டி எடுப்பவர் எந்த மேஜையில் உட்கார்ந்து அதைத் திறப்பார்? பணிமனை அறிவிப்புப் பலகையிலோ போன மாதச் சுற்றறிக்கைக்கு மேலேயே புதியதையும் குத்தி வைத்திருப்பார்கள். எல்லா ஓட்டுநரும் கட்டாயம் வருகிற ஒரே இடம் பணிக்குக் கையெழுத்துப் போடும் மேஜை. மாற்றத்தை அங்கே, ஒரே தாளில், பொதுமக்களுக்கு அறிவிப்பதற்கு முன்பே கையில் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி எதிர்த்திசையில் இருக்கிறது. எந்த நிறுத்தத்தில் முதியவர்கள் இறங்கத் தடுமாறுகிறார்கள், எந்த நடைக்குக் கொடுத்த நேரம் போதவில்லை என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி, ஆனால் அட்டவணை போடுகிறவரிடம் அது போய்ச் சேர்வதே இல்லை. மேலாளரின் மேஜை இழுப்பறையோடு சரி. அப்புறம் அதையே தெரிந்துகொள்ளத்தான் மண்டபம் பிடித்துக் கூட்டம் போடுகிறார்கள்!

கே: மக்களைக் கேட்டால் எதற்கும் 'வேண்டாம்' என்பார்கள். எந்தத் திட்டம் நகரும்?

ப: சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் நெரிசல் கட்டணத்துக்கு, அதாவது நெரிசலைக் குறைக்க நகருக்குள் வந்து போகும் வண்டிகளிடம் வாங்கும் கட்டணத்துக்கு, முதலில் எதிர்ப்புதான் அதிகம். 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனையாக வசூலித்துப் பார்த்தார்கள், நெரிசல் குறைந்ததை மக்கள் கண்ணால் பார்த்தார்கள், செப்டம்பரில் வாக்கெடுப்பு வைத்தபோது நகரவாசிகளில் பெரும்பான்மையினர் 'சரி' என்றார்கள். 2007 ஆகஸ்டில் அது நிரந்தரமானது. ஆனால் தாங்களாகவே வாக்கெடுப்பு நடத்திய பல அண்டை நகராட்சிகளில் 'வேண்டாம்'தான் ஜெயித்தது. காரில் நகருக்குள் வந்து போகிறவர்கள் அங்கேயும்தானே இருக்கிறார்கள். அதனால் என்ன கேட்பது என்பதோடு யாரையெல்லாம் கேட்பது என்பதையும் முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும்.